இடது காலுக்கு ஒரு அளவு

அக்டோபர் 14, செவ்வாய்.
இன்றைய பிழை: தையல் கடையில் அளவெடுக்கும்போது இடது குதிகாலைத் தூக்கிக்கொண்டு நின்றேன். 18 மில்லிமீட்டர்.
காரணம்: கடையில் ஆட்கள் இருந்தார்கள். எதிரே ஆளுயரக் கண்ணாடியும் இருந்தது.
திருத்தம்:

அதற்கு மேல் பேனா ஓடவில்லை. அவள் சமையலறை மேசை முன்னால் உட்கார்ந்து பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

நோட்டு, மாலை வகுப்புக்கானது. வரைபடம் சொல்லித்தரும் வாத்தியார் முதல் நாளே கறாராகச் சொல்லியிருந்தார்: "இந்த நோட்டுல உங்க பெருமையெல்லாம் வேண்டாம். அன்னன்னிக்குப் பண்ணின தப்பை எழுதுங்க. எத்தனை மில்லிமீட்டர், ஏன் வந்துச்சு, எப்படிச் சரி பண்ணப் போறீங்க. மூணே வரி." மற்றவர்கள் ஏழு நாள் தப்பையும் வாரக் கடைசியில் மொத்தமாக உட்கார்ந்து கற்பனை செய்து எழுதினார்கள். அவள் மட்டும் ஏழு மாதமாக ஒரு நாள் விடாமல் எழுதிவந்தாள். தப்பே அகப்படாத நாளில், 'பிழை எதுவும் கண்ணில் படவில்லை. கவனக்குறைவாக இருக்கலாம்' என்று எழுதினாள். அப்படிப்பட்ட பெண்.

ஏழு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்தது. எலும்பு கூடியது, ஆனால் இடது கால் வலது காலைவிடப் பதினெட்டு மில்லிமீட்டர் குட்டையாகவே நின்றுவிட்டது. நடையில் தெரியவே தெரியாது என்று வீட்டில் எல்லோரும் அடித்துச் சொன்னார்கள். உடையில் தெரியும் என்பது அவளுக்குத்தான் தெரியும். ரெடிமேட் பேன்ட் ஆறு போட்டுப் பார்த்துவிட்டாள். ஆறிலும் இடது கால் ஓரம் தரையைப் பெருக்கியது. இஸ்திரிக் கோடு முழங்காலைத் தாண்டியதும் கோபித்துக்கொண்ட மாதிரி பக்கவாட்டில் திரும்பியது. அதனால் நாலு பேர் பார்க்கிற இடத்தில் நிற்க நேர்ந்தால் இடது குதிகாலை மெல்லத் தூக்கிக்கொள்வாள். யாரும் கண்டுபிடித்ததில்லை. இன்று தையல்கார அம்மாவும் கண்டுபிடிக்கவில்லை. அதுதான் இப்போது வினையாகிவிட்டது.

"என்னடி ஸ்கேல், மூடியை முழுங்கிடாதே." அண்ணன் உள்ளே வந்தான். துணிக் கிடங்கில் வேலை பார்ப்பவன். பேன்ட் தைக்கக் கொடுத்த, கரும்பச்சை நிறத்தில் கெட்டியான பருத்தித் துணி, பெரிய உருளையின் கடைசித் துண்டு, ஒன்றேகால் மீட்டர், அவன் கொண்டுவந்து கொடுத்ததுதான். அந்த நிறம் இனிமேல் வராது என்று நூறு தடவை சொல்லிவிட்டான்.

அவள் நோட்டை அவன் பக்கம் தள்ளினாள். அவன் படித்தான். சிரிப்பை அடக்கப் பார்த்து மூக்கால் சிரித்தான்.

"சிரிக்காதண்ணா. வெள்ளிக்கிழமை பரீட்சை."

"குதிகாலைத் தூக்கி அளவு கொடுத்தா, குதிகாலைத் தூக்கியே போட்டுக்கோ. இதுல என்ன?"

"பதினோரு நிமிஷம்தான் தூக்க முடியும். கடிகாரம் வெச்சுப் பாத்துட்டேன். அப்புறம் கெண்டைக்கால் நடுங்குது. பரீட்சை நாப்பது நிமிஷம்."

அண்ணன் சிரிப்பை நிறுத்திவிட்டு எதிரே உட்கார்ந்தான். அவனுக்கும் தெரியும் அந்தப் பரீட்சையைப் பற்றி. மர வேலைக் கம்பெனியில் அவள் இரண்டு வருடமாக ஸ்டோரில் திருகாணி எண்ணிப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். மாடி அறையில், வரைபடப் பிரிவில், வீடு வீடாகப் போய் மாடிப்படிக்கு அளவெடுக்கிற ஒரு இடம் காலியாயிற்று. 'வகுப்புல பாஸ்னு கையெழுத்துப் போட்ட தாளைச் சனிக்கிழமை காலையில கொண்டா, இடம் உனக்கு. இல்லன்னா வெளியில ஆள் பாத்துக்கறேன்' என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அந்தக் கையெழுத்துக்கு ஒரே வழி கரும்பலகைத் தேர்வு. வகுப்பு முழுவதுக்கும் முதுகைக் காட்டி நின்று, நிஜ அளவில் மூன்று படிகள் வரைய வேண்டும். ஏழு மாதமாக, 'எனக்கு சாக்பீஸ் ஒத்துக்காது சார், தும்மல் வரும்' என்று சொல்லிச் சொல்லியே அவள் பலகைப் பக்கம் போகாமல் தப்பித்துவந்தாள். முதுகைக் காட்டி நிற்பவளிடம் முப்பது பேர் வேறு எதைப் பார்ப்பார்கள்? பேன்ட்டைத்தான் பார்ப்பார்கள்.

"துணியை வெட்டிட்டாங்களா?" என்று அண்ணன் கேட்டான்.

"இல்ல. சுருங்கறதுக்கு நனைச்சுப் போட்டிருக்காங்க. நாளைக்குப் பத்து மணிக்கு மேலதான் வெட்டுவேன்னாங்க."

"அப்ப காலையில எழுந்து ஓடு. போய் உள்ளதைச் சொல்லிடு. அவங்க என்ன கடிச்சா திங்கப் போறாங்க?"

அவள் நோட்டை இழுத்து, 'திருத்தம்' என்பதற்கு எதிரே எழுதினாள்: 'காலை 7.30. நேரில் சொல்ல வேண்டும். வாக்கியம் தயார் செய்துகொள்ள வேண்டும்.'

வாக்கியம் தயாராகத்தான் இருந்தது. மறுநாள் காலை பஸ்ஸில் அதை ஆறு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். கடைப் படியேறிக் கதவைத் தள்ளியதும் அது காற்றில் பறந்துவிட்டது. நீள மேசையின் மேல் கரும்பச்சையில் நாலு துண்டுகள், முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் இரண்டு, கத்தரி பட்ட விளிம்போடு பளிச்சென்று கிடந்தன.

"வெட்டிட்டீங்களா!"

தையல்கார அம்மாவை அந்தத் தெருவில் எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் டேப், தலைமேல் ஏற்றிய கண்ணாடி, உதட்டிடுக்கில் எப்போதும் நாலைந்து குண்டூசி. கோட்டுக்கும் பேன்ட்டுக்கும் ஊர் தாண்டி அவரிடம் வந்தார்கள். அவர் முகத்தில் இப்போது, புது பொம்மை கிடைத்த குழந்தைக்கு வருகிற மாதிரி ஒரு வெளிச்சம்.

"வா வா வா! இதைப் பாரு! ராத்திரியே காஞ்சுடுச்சு. காலையில இஸ்திரி போட்டதும் துணி அப்படியே தண்ணி மாதிரி மேசையில படுத்துச்சு. எனக்குக் கை பொறுக்குமா? ஆறு மணிக்கே வெட்டிட்டேன். ஒரு உள்ளங்கைத் துணி மிஞ்சல பாரு!" குண்டூசிகளுக்கு நடுவிலிருந்து இவ்வளவும் வந்தன. "பின்னால இடது பாக்கெட்டுக்குக் கீறல்கூடப் போட்டாச்சு."

கடையில் வேறு இருவர் இருந்தார்கள். மூலையில் இஸ்திரிக்காரர், நீராவிக்குள் பாதி மறைந்து நின்றார். பெஞ்சில் ஒரு பஸ் கண்டக்டர், சீருடைக்கு ஜிப் மாற்றக் கொடுத்துவிட்டு லுங்கியோடு காத்திருந்தார்.

"மாஸ்டர், நேத்து நீங்க அளவெடுத்தப்ப நான் குதிகாலைத் தூக்கிட்டு நின்னேன். இடது குதிகால். பதினெட்டு மில்லிமீட்டர். அந்தக் கால் குட்டை. மன்னிச்சுடுங்க."

குண்டூசிகள் ஒவ்வொன்றாக உதட்டிலிருந்து இறங்கி மணிக்கட்டுப் பஞ்சுக்குப் போயின. மாஸ்டர் கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு அவள் காலைப் பார்த்தார், நாலு துண்டுகளைப் பார்த்தார், மறுபடி காலைப் பார்த்தார்.

"இருபத்திரண்டு வருஷமா அளவெடுக்கறேன். வயித்தை உள்ள இழுத்துக்கிட்டு நிக்கிற ஆம்பளைங்களைப் பாத்திருக்கேன். இவரை மாதிரி." கண்டக்டர் பட்டென்று வயிற்றை விட்டார். "ஆனா குதிகாலைத் தூக்கி என்னையே ஏமாத்தினது நீதான். நான் உன் காலுக்குத் தைக்கணுமா, உன் பொய்க்குத் தைக்கணுமா, முதல்ல அதைச் சொல்லு."

"காலுக்கு," என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"சரி. ஷூவைக் கழட்டு. பலகைமேல ஏறு."

ஏறினாள். குதிகால் தானாகவே மேலே போயிற்று. மாஸ்டர் ஸ்கேலால் அதை ஒரு தட்டுத் தட்டினார். இறங்கியது. டேப்பை எடுத்துக்கொண்டு அவர் நிமிர்வதற்குள் மறுபடி ஏறிவிட்டது.

"பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி சாதாரணமா நில்லும்மா."

"பஸ்ஸுக்கு நிக்கிறவங்கள நான் தினம் ஆயிரம் பேர் பாக்குறேன்," என்றார் கண்டக்டர். "இப்படி யாரும் நிக்க மாட்டாங்க. இந்தப் பொண்ணு கொடியேத்தத்துக்கு நிக்குது."

"நீங்க எந்த வண்டி?" என்று இஸ்திரிக்காரர் கேட்டு வைத்தார்.

"பதினாறாம் நம்பர். இன்னிக்கு எனக்கு லீவு. காலையில ஏழு அஞ்சுக்கு இந்தத் தெருமுனைக்கு வரும். கடிகாரத்தைத் திருத்தி வெச்சுக்கலாம், அப்படி வரும்."

"ஏழு அஞ்சா?" பலகைமேல் நின்றவள் திரும்பினாள். "அண்ணே, இங்க வண்டி மாறித்தான் நான் வேலைக்குப் போறேன், மூணு மாசமா குறிச்சு வெச்சிருக்கேன். ஒரு நாள்கூட ஏழு பன்னிரண்டுக்கு முன்னாடி வந்ததில்ல! போன மாசம் எட்டாம் தேதி ஏழு இருபத்தாறு. கேட்டா டயர்னு சொன்னீங்க. டயர்னா பத்தொன்பதாம் தேதிக்கு என்ன சொல்லுவீங்க?"

"பத்தொன்பதாம் தேதி..." என்று கண்டக்டர் விழித்தார்.

"அசையாதே!" என்று மாஸ்டர் கத்தினார். "அப்படியே நில்லு! திட்டு, அவரை இன்னும் நல்லாத் திட்டு!"

அவள் கீழே பார்த்தாள். இரண்டு குதிகாலும் பலகையில் ஒட்டிக்கொண்டு நின்றன. இடுப்பு இடது பக்கம் சற்று இறங்கியிருந்தது. மாஸ்டரின் கை அணில் மாதிரி ஓடியது. இடுப்பு, வெளி நீளம், உள் நீளம், முழங்கால். எண்களை இஸ்திரிக்காரர் ஒரு அட்டையில் எழுதிக்கொண்டார். கண்டக்டர் வாங்கிய திட்டுக்கு ஒரு நன்றிகூட இல்லை.

மாஸ்டர் மேசைக்குப் போய் இடது துண்டுகளின் மேல் டேப்பை விரித்தார். அவள் பின்னாலேயே போனாள்.

"கீழ ஓரத்துல மடிச்சுடலாமா மாஸ்டர்?"

"அதைத்தான் எல்லாரும் பண்றாங்க. அதனாலதான் கோடு திரும்புது. துணியோட முழங்கால் உன் முழங்காலுக்குக் கீழ தொங்கும்போது கீழ மட்டும் வெட்டி என்ன பிரயோஜனம்? மேல எடுக்கணும். இடுப்புப் பட்டி வைக்கறதுக்கு முன்னாடி, இடது பக்கம் மட்டும், இடுப்புல இருந்து சரிச்சு." சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தார். கோடு பாக்கெட் கீறலுக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றது. மாஸ்டர் உச்சுக்கொட்டினார். "இங்கதான் மாட்டிக்கிட்டோம். இவ்வளவு எடுத்தா இடது பாக்கெட் பட்டியோட போய் ஒட்டிக்கும். வலது பாக்கெட் கீழ நிக்கும். பின்னால நிக்கிறவன் கண்ணு நேரா அங்கதான் போகும். கீறின துணியை ஒட்டவா முடியும்?"

இரண்டு பேரும் கீறலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். விரல் நீளக் கீறல். ஒன்றேகால் மீட்டரில் இன்னொரு பின்துண்டுக்கு இடமே இல்லை. பிறகு அவளுக்கு, வகுப்பில் வருகிற அதே கேள்வி மனதில் வந்தது. எங்கிருந்து அளக்கிறோம்?

"மாஸ்டர், நீங்க பாக்கெட்டைப் பட்டியில இருந்து அளக்கறீங்க."

"வேற எங்கிருந்து அளப்பாங்க?"

"எங்க வரைபடத்துல எல்லா உயரத்தையும் தரைக்கோட்டுல இருந்துதான் அளப்போம். மேல என்ன கோணலா இருந்தாலும் தரை நேரா இருக்கும். என் இடுப்பு இடது பக்கம் பதினெட்டு மில்லிமீட்டர் இறங்கியிருக்கு. நீங்க மேலயும் பதினெட்டு எடுக்கறீங்க. அப்படீன்னா..." சொல்லும்போதே சந்தேகம் வந்துவிட்டது. "தப்பா இருக்கலாம். ஆனா அப்படீன்னா தரையில இருந்து பாத்தா ரெண்டு பாக்கெட்டும் ஒரே உயரம்தானே வரும்?"

மாஸ்டர் துண்டுகளை அள்ளினார். நாலு ஊசியில் நூலை ஒரே மூச்சில் கோத்தார். பத்து நிமிடத்தில் வெள்ளை நூலால் பெரிய பெரிய ஓட்டுத் தையல் போட்டு, பேன்ட் மாதிரி ஒன்றை உருவாக்கி அவள் கையில் திணித்து, திரைக்குப் பின்னால் தள்ளினார். அவள் வெளியே வந்து பலகைமேல் ஏறினாள். மாஸ்டர் தரையில் மண்டியிட்டு, நீள மர ஸ்கேலைச் செங்குத்தாக நிறுத்தி, பலகையிலிருந்து இடது கீறல்வரை அளந்தார். பிறகு வலது பக்கம், அதே உயரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். எழுந்து நாலு அடி பின்னால் போய்ப் பார்த்தார்.

"அடிப்பாவி!"

"என்ன மாஸ்டர்?"

"நேரா நிக்குது! ஏங்க, வந்து பாருங்க!" இஸ்திரிக்காரர் நீராவியிலிருந்து வெளியே வந்தார். கண்டக்டரும் லுங்கியைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். மூன்று பேர் அவளுக்குப் பின்னால் வரிசையாக நின்று பார்த்தார்கள். அவளுக்குக் குதிகாலைத் தூக்க வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. அவளும் கழுத்தைத் திருப்பிக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். பாக்கெட் இரண்டும் ஒரே கோட்டில். பட்டி மட்டும் அவள் இடுப்போடு சேர்ந்து சரிந்திருந்தது. அதைச் சட்டை மறைத்துவிடும்.

"பாவாடைக்குத் தரையில இருந்து அளந்திருக்கேன்," என்று மாஸ்டர் தனக்குள் சொல்லிக்கொண்டார். "பேன்ட்டுக்கு எனக்குத் தோணவே இல்ல பாரேன். இனிமே அந்த ரெஜிஸ்ட்ரார் ஆபீஸ்காரரை வரச் சொல்லணும், அவருக்கும் தோள்பட்டை ஒண்ணு இறக்கம், கோட் பாக்கெட்டோட மல்லுக்கட்டிட்டு இருக்கேன்."

வியாழன் மாலை மறுபடி ஒரு முறை போட்டுப் பார்த்தாயிற்று. இந்த முறை நிற்கவைத்ததோடு மாஸ்டர் விடவில்லை. தெருமுனைவரை நடக்கவிட்டார், படியேற விட்டார், குனிந்து செருப்பு வாரைப் போடச் சொன்னார், முக்காலியில் உட்கார்ந்து எழுந்திருக்கச் சொன்னார். வலது தொடையில் ஒரு நூலளவு பிடித்தது. "உனக்குப் பிடிக்குதா?" என்று கேட்டார். "தெரியல, பழகிடும்," என்றாள். "பழகறது செருப்புக்கு. பேன்ட்டுக்குப் பழகக் கூடாது," என்று தையலைப் பிரித்தார்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு அவள் கடைக்குப் போனபோது பேன்ட் மேசைமேல் ஆவி பறக்கக் கிடந்தது. இஸ்திரிக்காரர் கடைசியாக ஒரு முறை கோட்டை அழுத்தி, "சூடா இருக்கு, ரெண்டு நிமிஷம்," என்றார். அந்த இரண்டு நிமிடத்தையும் அவள் கடிகாரத்தைப் பார்த்தே கழித்தாள்.

போட்டுக்கொண்டாள். பட்டி இடுப்பில் கை வைத்த மாதிரி உட்கார்ந்தது. இழுக்கவும் இல்லை, இறங்கவும் இல்லை. இஸ்திரிக் கோடு தொடையிலிருந்து நேராக முழங்காலுக்கு வந்து, முழங்காலிலிருந்து நேராகப் பாதத்துக்கு இறங்கியது. வலது காலிலும் அப்படித்தான், இடது காலிலும் அப்படித்தான். ஓரம் இரண்டும் ஷூவின் மேல் ஒரே மாதிரி தொட்டும் தொடாமலும் நின்றன. பாக்கெட்டில் கையை விட்டாள். கை மணிக்கட்டுவரை போயிற்று! ஆறு ரெடிமேட் பேன்ட்டிலும் நாலு விரல் போனால் அதிகம். ஸ்கேல், டேப், பென்சில், பாதி ரொட்டி எல்லாம் போகும் போலிருந்தது. கடைக்குள்ளேயே ஒரு சுற்று நடந்தாள். இன்னொரு சுற்று. மூன்றாவது சுற்றுக்கு மாஸ்டர் வாசலைக் காட்டினார்.

"ஊர்வலம் போதும். கிளாஸுக்கு ஓடு."

"எப்படி நன்றி சொல்றதுன்னே..."

"ஓடுன்னு சொன்னேன்!"

ஓடினாள். நிஜமாகவே ஓடினாள்.

அன்றைய தேர்வுப் பட்டியலில் நாலு பேர். முதலாவதாக அவளைக் கூப்பிட்டார்கள். வாத்தியார் பட்டியலிலிருந்து தலை தூக்காமல், "உனக்கு சாக்பீஸ் ஒத்துக்காதே, தும்மல் எப்படி இருக்கு?" என்றார். முன்பெஞ்சில் சிரிப்பு எழுந்தது.

"குணமாயிடுச்சு சார்."

"என்ன மருந்து?"

"ஒன்றேகால் மீட்டர் பச்சைத் துணி சார்," என்று வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு பலகைக்குப் போனாள். முதுகுக்குப் பின்னால் முப்பது பேர். முதல் கோடு தரைக்கோடு. சாக்பீஸை அழுத்திப் பிடித்ததில் ஓரிடத்தில் அது தடித்துப்போயிற்று. துடைத்துவிட்டு மறுபடி போட்டாள். இரண்டாவது கோடு நிமிர்ந்து நின்றது. மூன்றாவதுக்குக் கையை முழுவதும் நீட்ட வேண்டியிருந்தது. இடது காலில் முழு எடையையும் ஊன்றி, இடுப்பைச் சரித்து, எட்டிப் போட்டாள். எட்டியது. குனிந்தாள், மண்டியிட்டாள், எழுந்தாள், பின்னால் நாலு அடி போய்ப் பார்த்தாள், மறுபடி போனாள். பேன்ட் என்ற ஒன்றைப் போட்டிருக்கிறோம் என்பதே மறந்துபோய்விட்டது. அது அவளோடு கூடவே குனிந்தது, கூடவே எழுந்தது. படி எத்தனை உயரம், படி எத்தனை அகலம், கைப்பிடி எங்கே தொடங்கும் என்பதைத் தவிர உலகத்தில் வேறு கேள்வியே இல்லை.

"நேரம் முடிஞ்சுது."

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். நாற்பது நிமிடமா? பின்னால் யாரும் அவள் காலைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. பாதிப் பேர் பலகையைப் பார்த்து வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேர் தங்கள் முறை வரப்போகிற நாளை நினைத்த பீதியில் நகம் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

வாத்தியார் டேப்பை எடுத்துக்கொண்டு வந்தார். முதல் படி. இரண்டாம் படி. மூன்றாம் படியில் நின்றார். மறுபடி அளந்தார்.

"மூணாவது படி அகலம் நாலு மில்லிமீட்டர் குறையுது. தெரியுமா?"

"தெரியல சார்."

"அஞ்சு வரைக்கும் விடுவேன். ஆறுன்னா உக்காரவெச்சிருப்பேன்." பையிலிருந்து பேனாவை எடுத்தார். தாளை மேசைமேல் வைத்து, கறாராக, நிதானமாக, ஒரு கையெழுத்துப் போட்டார். "அடுத்த ஆள் வாங்க."

அவள் தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். மடிக்க மனம் வரவில்லை. கடைசி பெஞ்சுக்குப் போகிற வழியில் யாரோ கிசுகிசுத்தார்கள்: "ஏய், அந்தப் பேன்ட் எந்தக் கடையில வாங்கினே?"

"வாங்கல," என்றாள். "அளவு கொடுத்தேன்."

வீட்டில் அண்ணன் தாளைப் படித்தான், பேன்ட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான், துணியைத் தேர்ந்தெடுத்த தன் கண்ணை ஒரு பாட்டம் புகழ்ந்துகொண்டான். அவன் ஓய்ந்ததும் அவள் நோட்டைத் திறந்தாள்.

அக்டோபர் 17, வெள்ளி.
இன்றைய பிழை: மூன்றாம் படியின் அகலம் 4 மில்லிமீட்டர் குறைவு.
காரணம்: தெரியவில்லை. சந்தோஷமாக இருக்கலாம்.
திருத்தம்: ஒவ்வொரு படியையும் முதல் கோட்டிலிருந்தே அளக்க வேண்டும், முந்தைய படியிலிருந்து அளக்கக் கூடாது.
நாளை: 8.30க்குள் தாளை மேனேஜரிடம் கொடுக்க வேண்டும். ஸ்டோர் சாவியை ஒப்படைக்க வேண்டும். பிறகு மூன்று மாடி வீடு ஒன்றில் படிக்கட்டு அளவெடுப்பு. ஏணி கம்பெனி வண்டியில் வரும், ஐந்து மீட்டர் டேப் நான் கொண்டுபோக வேண்டும்.